பெரிப்பாவுக்கு அந்தக் காது லீவு

எங்கள் வீட்டு ஆல்பத்தில் எந்தப் போட்டோவை எடுத்தாலும் இடது ஓரத்தில் நிற்கிறவன் நான்தான். சித்தப்பா கல்யாணம், அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா, அப்பாவின் அறுபதாம் கல்யாணம், எதுவானாலும் சரி. சிலதில் என் வலது தோள் வெட்டுப்பட்டிருக்கும், ஒன்றில் முகமே முக்கால்தான் விழுந்திருக்கிறது. தம்பி எப்போதும் நடுவில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டோ அப்பாவின் வேட்டிக்குள் பாதி ஒளிந்துகொண்டோ இருப்பான். மூத்த பிள்ளையை இப்படி ஓரங்கட்டுகிற குடும்பம் எங்கேயாவது உண்டா என்று மனதுக்குள் ரொம்ப காலமாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. நரைத்த மீசையோடு போய் "என்னை மட்டும் ஓரமா நிறுத்தினீங்க" என்று கேட்டால் வீடே சிரிக்கும். ஆனால் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, வட்டியோடு. போன தை மாசம் தம்பி பையனின் காதுகுத்தில் அந்தக் கணக்குப் புத்தகம் மொத்தமும் தலைகீழாகப் போய்விட்டது. அதை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதலில் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1988, எனக்கு எட்டு வயது, குடியாத்தத்தில் இருந்தோம். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம், அடுத்த வருஷம்தான் இரண்டாகப் பிரித்தார்கள். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, எச்சில் முழுங்கினால் உயிர் போகும். பேரிலேயே இருக்கிறதே, பொன்னைக் கேட்டுத்தான் வீங்குகிறது, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் அப்போது தங்கம் என்று இருந்தது அம்மாவின் தாலியில் இருந்த குண்டுமணி அளவுதான். அத்தை வீட்டுக்குப் போய் அவர்கள் சங்கிலியை வாங்கிவந்து எனக்குப் போட்டார்கள். ஒரு வாரம் நான் பாயில் படுத்துக்கொண்டு பணக்காரனாக இருந்தேன். வீக்கம் வடிந்தது. சங்கிலி அத்தையிடம் திரும்பிப் போனது. கூடவே என் வலது காதும் போய்விட்டது.

போனதே ஒரு மாசம் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் இடது காது தலையணையில் பதிய நான் தூங்கிக்கொண்டிருக்க, அம்மா இரண்டடி தூரத்தில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறியிருக்கிறாள். அப்புறம் வேலூருக்குப் பஸ் ஏறி, டாக்டர் வீடு, பரிசோதனை எல்லாம் நடந்தது. அந்தக் கிருமி சில பிள்ளைகளுக்கு உள்காதைத் தாக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், போனால் திரும்பாது, இன்னொரு காது நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தோம். அதோடு சரி. அதற்குப் பிறகு என் வீட்டில் யாரும் என் காதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா, அப்பா, தம்பி ஒருத்தரும் பேசவில்லை. என் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கம் அதுதான்.

சிரசு அன்று

ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இது இரண்டு காது உள்ளவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். வலது பக்கம் ஒருவர் கூப்பிட்டால் அந்தச் சத்தம் வலது காதை முதலில் தொட்டுவிட்டு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரம் கழித்து, கொஞ்சம் மங்கலாக இடது காதுக்குப் போகும். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு காது இல்லை. அதனால் உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் எனக்கு இடது பக்கத்திலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். ரோட்டைக் கடக்கும்போது ஆரன் அடித்தால் நான் முதலில் இடது பக்கம்தான் துள்ளுவேன். சென்னையில் அப்படித் துள்ளி இரண்டு முறை சாகத் தெரிந்தேன்.

அடுத்த வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு. குடியாத்தத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: அம்மனின் தலையைத் தரணம்பேட்டையிலிருந்து ஊர்வலமாக எடுத்து வந்து கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்துகிற நாள் அது. ஊர் முழுக்க பம்பை, சிலம்பாட்டம், வழிநெடுகத் தேங்காய் சூறை. ஆந்திராவிலிருந்து, கர்நாடகத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் கையிலிருந்து என் கை நழுவியது. அப்பா என் பேரைச் சொல்லிக் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பக்கமெல்லாம் ஓடினேன், அதாவது இடது பக்கமாகவே ஓடினேன். அவர் கத்தக் கத்த நான் விலகிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். கௌண்டன்யா ஆற்று மணலில், உடைந்த தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவனை அப்பா கண்டுபிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பையனை, அவ்வளவு தூரம்.

அன்றைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் என்னைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. சாப்பிட வா என்பதற்கும் அம்மா எழுந்து வந்து இடது தோளைத் தொடுவாள். காலையில் எழுப்ப வேண்டுமென்றால் கால் கட்டை விரலை இழுப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. என் பேரை இவர்கள் வாய்விட்டுக் கூப்பிடுவதே இல்லையே என்று.

தறி நின்றுவிடும்

அப்பா கைத்தறி. லுங்கி நெய்தார். குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை அடித்தால் ஒரு தாளம் வரும், எங்கள் தெருவில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு அந்தத் தாளம்தான். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிமேடை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வான். அப்பா நெய்துகொண்டே அவனோடு பேசுவார். அவன் என்னவோ கேட்பான், இவர் என்னவோ சொல்லுவார், சிரிப்பார்கள், நாடா பாட்டுக்கு ஓடும். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. நான் போய் நின்றால் தறி நின்றுவிடும். நாடாவை எடுத்துத் துணி மேல் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா?" என்பார். நான் கேட்க வந்தது ஒரு பேனா ரீஃபில்லுக்குக் காசாக இருக்கும். தறியை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, ஒரு மனுஷன் அவ்வளவு கவனமாகக் கேட்டால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஏதோ விசாரணைக்கு வந்த மாதிரி இருக்காதா? தம்பியோடு பேசுவது அப்பாவுக்கு விளையாட்டு, என்னோடு பேசுவது வேலை, அதனால்தான் வேலையை நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அப்புறம் தறிப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். கூலி முழத்துக்கு இவ்வளவு என்று இருந்த காலம் அது. தறி நின்றால் காசு நிற்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கமாக யோசிக்கத் தோன்றவில்லை.

வெளியே நிலைமை வேறு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், வலது பக்கமாக வந்து கேள்வி கேட்டுவிட்டு நான் பதில் சொல்லவில்லை என்று திமிர் பிடித்தவன் பட்டம் கொடுத்து அறைந்தார். எனக்கு அந்தக் காது கேட்காது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வீட்டிலேயே பேசாத ஒன்றை வெளியில் எப்படிச் சொல்வது, அது ஏதோ வெட்கப்பட வேண்டிய சமாசாரம் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. கல்லூரியிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். மீட்டிங்கில் முதல் ஆளாகப் போய் மேசையின் வலது கோடி நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். சுறுசுறுப்பான ஆள் என்று பேர் கிடைத்தது. கல்யாணமாகி மூன்று மாசம் கழித்து ஒரு ராத்திரி, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய ரகசியத்தை உடைக்கிற மாதிரி மனைவியிடம் சொன்னேன். "தெரியுமே, நிச்சயத்தன்னிக்கே அத்தை சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதாவது எனக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பெண் வீட்டாரை ஏமாற்றக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

இலை போட்ட பிறகு

காதுகுத்து குலதெய்வம் கோயிலில் முடிந்து, பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் பந்தி. ஆம்பூர்ப் பக்கத்து மாஸ்டர் வந்திருந்தார், சீரக சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. நான் வேன்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு வருவதற்குள் பந்தி நிறைந்துவிட்டது. நடுவில் இரண்டு இடம் இருந்தது, ஒன்றில் உட்கார்ந்தேன். இடது பக்கம் ஒரு பெரியவர், தம்பி மாமனார் வீட்டுப் பக்கத்து உறவு, எனக்கு முன்பின் பழக்கமில்லை. வலது பக்கம் காலி இலை. தம்பியின் மூத்த பெண், ஆறு வயது, புதுப் பாவாடை தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகக் காலையிலேயே ஒப்பந்தம். வந்தவள் காலி இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்காரவில்லை. எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பெரியவரின் முழங்கையைத் தொட்டாள்.

"தாத்தா, நீங்க அந்த எலைக்குப் போறீங்களா? பெரிப்பாவுக்கு இந்தப் பக்கம்தான் கேக்கும். அந்தக் காது லீவு."

லீவு. சொல்லும்போது அவள் குரலில் பரிதாபம் ஒன்றும் இல்லை. பெரிய கடை வெள்ளிக்கிழமை லீவு என்கிற மாதிரி ஒரு தகவல். பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் மாறினார். அவர் இலையில் ஏற்கெனவே இனிப்பு வைத்தாகிவிட்டது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாறினார். இவள் என் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்து, தன் ஸ்கூலில் ஒரு பையன் அழிரப்பரைத் தின்றுவிட்ட கதையை ஆரம்பித்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. பிரியாணி வந்தது. தொக்கு வந்தது. "யார் சொன்னாங்க கண்ணு, லீவுன்னு?" என்று கேட்டேன். "ஆயாதான். எனக்கு எப்பயோ தெரியும்" என்றாள், எலும்பைக் கடித்துக்கொண்டே.

சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விருந்து நாளிலும் கீரை ஆய்கிற ஜன்மம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, குட்டிகிட்ட காதப் பத்திச் சொன்னியா?"

"எந்தக் காது?"

"என் காதும்மா."

"ஆமா, சொல்லாம? அது பாட்டுக்கு உன் வலப் பக்கம் குந்திக்கினு கத்திக்கினு கெடக்கும், நீ காதுல வாங்காத மாதிரி இருப்ப. கொழந்த மனசு இன்னா ஆவும்?"

"எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கியா?"

"ஊட்டுக்கு வர்றவங்களுக்குச் சொல்லித்தான ஆவணும். உன் பொண்டாட்டிக்குச் சொன்னேன், சின்னவன் பொண்டாட்டிக்குச் சொன்னேன், போட்டோ புடிக்கறவனுக்குகூடச் சொல்லுவேன், எம்புள்ளைய இந்தக் கோடில நிறுத்துன்னு. எல்லாரும் அந்தாண்ட நின்னா நீ யார் கூப்ட்டாலும் கேப்ப இல்ல?"

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"உங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றது? உன் காதுதான அது?"

கீரைக் காம்பை முறத்தில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், இவனுக்கு வெயில் கியில் பட்டுவிட்டதா என்கிற மாதிரி.

அன்று ராத்திரி பீரோவைத் திறந்து ஆல்பம் முழுக்க எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோவில் இடது ஓரம் என்றால், நிற்கிறவனுக்கு அது வலது கோடி. எனக்கு வலப்பக்கம் யாருமே இல்லை. குடும்பம் மொத்தமும் என் இடது பக்கத்தில். இத்தனை வருஷம் போட்டோவை என் பக்கத்திலிருந்து பார்க்காமல் காமிராக்காரன் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒன்றை விட்டால் அடுத்தது என்று வரிசையாக ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. வேலூரிலிருந்து குடியாத்தம் வருகிற பஸ்ஸில் தம்பி முண்டியடித்து ஏறித் துண்டு போடுவான், எப்போதும் டிரைவர் பக்க வரிசையில், ஜன்னலை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் இந்தப் பக்கம் உட்காருவான். ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கிற தம்பி உலகத்தில் உண்டா? அவன் பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஏன் அண்ணனுக்கு ஜன்னல் என்று அவன் ஒரு நாள்கூட அழுததாக ஞாபகம் இல்லை. அவனுக்கு அப்போது என்ன வயது இருக்கும், ஐந்தா, ஆறா? இவன் பெண்ணின் வயதுதான்.

அப்புறம் தறி. அதைப் பற்றி ரொம்ப எழுத முடியவில்லை. தறிச் சத்தத்தில் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குப் பேச்சு பிடிபடாது என்று அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். சத்தத்துக்கு நடுவில் பேச்சைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் வேண்டும் என்று நானே பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். ரீஃபில்லுக்கு இரண்டு ரூபாய் கேட்க வந்தவனுக்காக நாடாவைக் கீழே வைத்திருக்கிறார். அவர் போய் பதினோரு வருஷம் ஆகிறது. கேட்க வழியில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஊருக்கே சொன்னவர்கள் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் இது சாதாரண விஷயம் என்று தெரிந்திருந்தால் அந்த வாத்தியாரிடம் வாய் திறந்து சொல்லியிருப்பேன், அறை மிச்சம். அம்மாவைக் கேட்டால், "செவுடுன்னு பேரு வச்சுட்டா அது உன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரும், அதான் வாய மூடிக்கினு இருந்தோம்" என்கிறாள். எங்கள் தெருவில் பட்டப்பேர் எப்படி ஒட்டும் என்று எனக்கும் தெரியும், அதனால் மேலே பேச முடியவில்லை. ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் என் பங்குக்குச் செய்தது ஒன்றுதான். என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுகிற எம்எம்ஆர் தடுப்பூசியைத் தனியாகக் காசு கொடுத்துப் போட்டேன். அரசாங்கம் இலவசமாகப் போடுவதில் தட்டம்மையும் ரூபெல்லாவும் இருக்கிறது, பொன்னுக்கு வீங்கிக்கு மட்டும் இடமில்லை. அதை இன்றைக்கும் பார்க்கிற இளம் அப்பா அம்மாக்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், சங்கிலியை நம்பாதீர்கள் என்று.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் இன்னொன்று கவனித்தேன். அம்மா டிவியை ஊருக்கே வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே போனில் பேசும்போது "இன்னா? இன்னா?" என்பாள், நான் எரிச்சல்பட்டு "காதுல விழுதா இல்லியா" என்று கத்துவேன். யார் யாரிடம் கேட்கிற கேள்வி பாருங்கள். தம்பி பெண் அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கத்துவதில்லை, எதிரில் போய்க் குந்தி, முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆயாவுக்கு எந்தக் காது என்று கேட்டேன். "ரெண்டுமே கொஞ்சம் லீவுதான் பெரிப்பா. ஆனா இதுல நல்லா வரும்" என்று தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

திண்ணைக்குப் போனேன். வலப்பக்கம் போய் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால், நான் எப்போதும் உட்காருகிற இடமே அதுதான். அவளுடைய வலது பக்கம் என்றால் எனக்கு அவள் இடது பக்கம். நகர வேண்டிய வேலையே இல்லை. குரலைத் தூக்காமல், பக்கத்து வீட்டில் முருங்கையை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். கம்பளிப்பூச்சி என்றாள். அங்கே ஆரம்பித்து, அவர்கள் மருமகளோடு போட்ட சண்டை வரைக்கும் வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.